சிறுவர் உடற்பருமன் பற்றிய புள்ளிவிவரங்கள்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண மாவட்டத்துப் பாடசாலைகளில் நடைபெறும் சுகாதாரக் கூட்டங்களில், பிள்ளைகளின் நிறை, உயரம் பற்றிய தரவுகளைப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் விளக்கிச் சொல்லும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நல்லூரிலும் பருத்தித்துறையிலும் வேலணையிலும் எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கு தொகுத்திருக்கிறேன். இது எண்களை வாசிக்கும் முறை பற்றியது. சிகிச்சை பற்றிய கேள்விகளை வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

1. "மகளின்ர அட்டையில உடல் திணிவுச் சுட்டி 19.5, நிறை கூட எண்டு எழுதியிருக்கு. போன்ல போட்டுப் பார்த்தால் நோர்மல் எண்டு வருது. எது சரி?"

அட்டையில் உள்ளதே சரி. உடல் திணிவுச் சுட்டி என்பது கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறப்படும் எண். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடொல்ப் கெற்றலே 1830களில் இந்த விகிதத்தை முன்வைத்தார். 1972இல் அன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினர். இருவரும் வளர்ந்தோரின் தொகுதிகளை விவரிப்பதற்காகவே இதைப் பயன்படுத்தினர். தொலைபேசிச் செயலிகளும் பொதுவாக வளர்ந்தோருக்குரிய 18.5 தொடக்கம் 25 வரையான எல்லையையே காட்டுகின்றன.

பிள்ளைகளுக்கு வயதும் பாலும் சேராமல் இந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. கேட்ட தாயின் மகளுக்கு வயது 10, உயரம் 136 சென்ரிமீற்றர், நிறை 36 கிலோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி பத்து வயதுச் சிறுமிகளின் இடையப் பெறுமானம் (வரிசையில் சரிநடுவில் நிற்கும் பிள்ளையின் அளவு) 16.6, அதிக நிறையின் தொடக்கக் கோடு 19.0, உடற்பருமனின் தொடக்கக் கோடு 22.6. ஆகவே 19.5 அதிக நிறை என்ற வகைக்குள் வருகிறது. அதே 19.5 ஐந்து வயதுச் சிறுமிக்கு உடற்பருமன். பதினைந்து வயதுச் சிறுமிக்கோ இடையமான 20.2ஐ விடக் குறைவு. இந்தச் சிறுமியைப் பின்வரும் பதில்களிலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

2. "85ஆம் சதமணை எண்டால் நூற்றுக்கு 85 புள்ளியோ?"

இல்லை. சதமணை ஓர் இடத்தைக் குறிக்கும் எண். ஒரே வயதும் பாலும் உடைய நூறு பிள்ளைகளைச் சுட்டியின் ஏறுவரிசையில் நிறுத்தினால், 85ஆம் சதமணையில் நிற்கும் பிள்ளைக்குக் கீழே ஏறத்தாழ 85 பேர் இருப்பர். பரீட்சைப் புள்ளியைப் போல உயர உயர நல்லது என்ற பொருளும் இதில் இல்லை.

3. "இந்தக் கோடுகளைப் போடுறது ஆர்? எல்லா நாட்டுக்கும் ஒரே கோடோ?"

ஒரே கோடு இல்லை. நாடுகளையோ ஆண்டுகளையோ ஒப்பிடும் கட்டுரைகளில் நான் காணும் பிழைகளில் மிகுதியானவை இந்த இடத்திலேயே தொடங்குவதால், சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கான நியமங்களை 2006இல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலூட்டப்பட்டு நல்ல சூழலில் வளர்ந்த ஏறத்தாழ 8,500 பிள்ளைகளை அளந்து உருவாக்கப்பட்ட நியமங்கள் அவை. ஒரு பிள்ளை எவ்வாறு வளர வேண்டும் என்பதை அவை சொல்ல முயல்கின்றன. 5 தொடக்கம் 19 வயது வரையானோருக்கான 2007ஆம் ஆண்டு அட்டவணை, அமெரிக்கச் சிறுவர்களின் பழைய தரவை மீளக் கணித்துப் பெறப்பட்டது. பாடசாலை வயதில் +1 நியம விலகலுக்கு (பிள்ளைகளின் அளவுகள் நடுவிலிருந்து எவ்வளவு விலகிப் பரந்துள்ளன என்பதைச் சொல்லும் அலகு) மேல் அதிக நிறை, +2க்கு மேல் உடற்பருமன். ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கோ +2க்கு மேல்தான் அதிக நிறை, +3க்கு மேல் உடற்பருமன். ஒரே சொல், இரண்டு கோடுகள்.

சர்வதேச உடற்பருமன் செயலணியின் எல்லைகள் 2000ஆம் ஆண்டில் வேறொரு வழியில் வகுக்கப்பட்டன. பிரேசில், பிரித்தானியா, ஹொங்கொங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய ஆறு இடங்களின் தரவில், 18 வயதில் 25ஐயும் 30ஐயும் தொடும் வளைகோடுகள் பின்னோக்கி வரையப்பட்டன. அதன்படி பத்து வயதுச் சிறுமிக்கு அதிக நிறையின் கோடு 19.86. முதலாம் கேள்வியில் வந்த சிறுமி இக்கணக்கில் சாதாரண நிறையுடையவள். சுட்டி 23 உள்ள அவளுடைய தோழி ஒருத்தி, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உடற்பருமன் உடையவள். செயலணியின் கோடு 24.11 ஆகையால் அங்கு அதிக நிறையுடையவள் மட்டுமே. அமெரிக்காவும் இங்கிலாந்தும் தத்தம் அட்டவணைகளைச் சதமணைகளுடன் பயன்படுத்துகின்றன. எந்தக் கோடு பயன்பட்டது என்று சொல்லாத விகிதத்தை வேறொன்றுடன் ஒப்பிட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

4. "95ஆம் சதமணைக்கு மேல நூற்றுக்கு அஞ்சு பேர்தானே இருக்கலாம்? அமெரிக்காவில 20 வீதம் எண்டு எப்பிடி வரும்?"

உயர்தரத்தில் கணிதம் கற்கும் மாணவர் ஒருவர் கேட்ட நல்ல கேள்வி. சதமணைக் கோடு இன்றைய பிள்ளைகளைக் கொண்டு வரையப்பட்டிருந்தால் எப்போதும் ஐந்து வீதமே வரும். அமெரிக்க அட்டவணை 2000ஆம் ஆண்டில் வெளிவந்தாலும், அதன் அடிப்படை 1963 தொடக்கம் நடத்தப்பட்ட பழைய ஆய்வுகள். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு, 1988க்குப் பிந்திய நிறை அளவீடுகள் வேண்டுமென்றே விலக்கப்பட்டன. அவற்றைச் சேர்த்திருந்தால் கோடே மேலே நகர்ந்து, அதிகரிப்பு கண்ணுக்குத் தெரியாமற் போயிருக்கும்.

ஆகவே 2017 தொடக்கம் 2020 மார்ச் வரையான தேசிய ஆய்வில் 2 தொடக்கம் 19 வயது வரையானோரில் 19.7 வீதத்தினர் உடற்பருமனைக் குறிக்கும் 95ஆம் சதமணைக் கோட்டுக்கு மேல் இருந்தனர் என்பதன் பொருள், முந்திய தலைமுறையில் ஏறத்தாழ ஐந்து வீதத்தினரே நின்ற இடத்தில் இன்று ஐவரில் ஒருவர் நிற்கிறார் என்பதாகும்.

5. "இலங்கையில எத்தினை வீதம்? யாழ்ப்பாணத்தில கூடிக்கொண்டு போகுதோ?"

2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதத்தினர் வளர்ச்சி குன்றியவர்கள் (வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்), 15 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள், 2 வீதத்தினர் அதிக நிறையுடையவர்கள். இந்த 2 வீதம் +2 நியம விலகல் என்ற கோட்டுக்கு மேற்பட்டது என்பதை மூன்றாம் பதிலோடு சேர்த்து வாசிக்க வேண்டும். பாடசாலை வயதினருக்கான விகிதம் +1 கோட்டைக் கொண்டு கணிக்கப்படும். அடிப்படைத் தொகுதியிலேயே +2க்கு மேல் நூற்றுக்கு இரண்டு பேரளவிலும், +1க்கு மேல் பதினாறு பேரளவிலும் இருப்பர். "ஐந்து வயதில் 2 வீதம், பத்து வயதில் பல மடங்கு" என்று எழுதுபவர், பிள்ளைகள் மாறியதையும் கோடு மாறியதையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்.

யாழ்ப்பாணத்தைப் பற்றிய இரண்டாவது பகுதிக்குப் பதில் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கும். 2006/07ஆம் ஆண்டின் இதே ஆய்வில் வட மாகாணம் சேர்க்கப்படவில்லை. அதற்கு முந்தியவையும் போர் காரணமாக வடக்கை விட்டே நடந்தன. 25 மாவட்டங்களையும் உள்ளடக்கிய முதலாவது ஆய்வு 2016ஆம் ஆண்டினுடையது. ஆதலால் "இலங்கையில் கடந்த முப்பது ஆண்டுகளில்" என்று தொடங்கும் எந்த வரைபிலும், பெரும்பகுதிக்கு எங்கள் பிள்ளைகள் இல்லை. இடம்பெயர்ந்து, பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த ஒரு தலைமுறையின் உடல் அளவீடுகள் தேசிய வரிசையில் வெற்றிடமாகவே உள்ளன. அந்த வெற்றிடத்தைத் தென்பகுதியின் போக்கைக் கொண்டு நிரப்பி, யாழ்ப்பாணத்தில் இத்தனை மடங்கு கூடியது என்று சொல்வதற்கு ஆதாரம் கிடையாது.

இன்றைய யாழ்ப்பாணமும் ஒரே தன்மையானது அல்ல. யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் இங்குண்டு. மாவட்டச் சராசரி ஒன்று நெடுந்தீவுப் பிள்ளையையும் நகரத்துப் பிள்ளையையும் சேர்த்தே சொல்கிறது. தேசிய ஆய்வொன்றில் ஒரு மாவட்டத்துக்குச் சில நூறு பிள்ளைகளே அகப்படுவதால், அதற்குள் வலயம் வலயமாகப் பிரித்துப் பார்க்கவும் இயலாது.

6. "மெலிஞ்ச பிள்ளையள் இவ்வளவு பேர் இருக்கேக்க, பருமனைப் பற்றிக் கதைக்கிறது பணக்காரரின்ர பிரச்சினை இல்லையோ?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள கவலையை நான் மதிக்கிறேன். ஐந்தாம் பதிலில் கண்ட எண்களே, நம் நாட்டில் மெலிவு இன்னும் பெரிய சுமை என்பதைக் காட்டுகின்றன. யுனிசெப் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகளவில் பாடசாலை வயதினரிடையே உடற்பருமன் 9.4 வீதமாகி, 9.2 வீதமான குறைநிறையை முதன்முறையாக விஞ்சியது. தென்னாசியாவும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவும் மட்டும் இதற்கு விலக்கு. உலகச் செய்தியை அப்படியே எடுத்து இங்கு ஒட்டினால், மெலிந்த பிள்ளை கண்ணிலிருந்து மறைந்துவிடுவாள்.

ஆயினும் இரண்டும் ஒரே ஊரில், ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே பிள்ளையிடம் காணப்படலாம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உயரம் 120 சென்ரிமீற்றர், நிறை 28 கிலோகிராம் என்று கொள்வோம். 28 கிலோகிராம் அந்த வயதின் இடைய நிறையை விடக் குறைவு. உயரமோ வளர்ச்சி குன்றல் எல்லைக்கு மிகவும் கீழே. அவளுடைய சுட்டி 19.4 ஆகையால், பட்டியலில் அதிக நிறை என்ற கட்டத்தில் விழுவாள். அவளுக்கு உணவைக் குறையுங்கள் என்று யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்பதே என் அச்சம். சுட்டியைக் காணும் இடமெல்லாம் வயதுக்கேற்ற உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு பாடசாலையின் சராசரிச் சுட்டி பல ஆண்டுகளாக மாறாதிருப்பதும் ஆறுதல் தராது. மெலிந்தோரும் பருத்தோரும் ஒருங்கே கூடினால் சராசரி அசையாது. இரு முனைகளையும் தனித்தனியே எண்ண வேண்டும்.

7. "எங்கட பாடசாலையில 25 வீதம், பக்கத்துப் பெரிய பாடசாலையில 10 வீதம். எங்கட பிள்ளையளுக்கு என்ன நடந்தது?"

முதலில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். இருபத்துநான்கு பேரில் ஆறு பேர் என்றார்கள். அங்கு ஒரு பிள்ளையின் பெறுமதி நான்கு வீதத்துக்கும் மேல். இருவர் வேறு பாடசாலைக்கு மாறியிருந்தால் 25 வீதம் 18 வீதமாகியிருக்கும். 95 வீத நம்பிக்கை ஆயிடையை, அதாவது தற்செயலான ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுத்தால் உண்மை விகிதம் இருக்கக்கூடிய வீச்சைக் கணித்தால், 24 பேரில் 6 பேர் என்பது ஏறத்தாழ 12 தொடக்கம் 45 வீதம் வரை விரிகிறது. 400 பேரில் 40 பேர் என்பது 7 தொடக்கம் 13க்குள் அடங்குகிறது. பாடசாலைகளைத் தர வரிசைப்படுத்தும் எந்தப் பட்டியலிலும், மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் சிறிய பாடசாலைகளே நிற்பதற்குக் காரணம் இதுவே.

"நாங்கள் மாதிரி எடுக்கவில்லை, எல்லாரையும் அளந்தோம், பிறகேன் ஆயிடை?" என்று ஓர் அதிபர் கேட்டார். இந்த ஆண்டு இந்த ஆறு பிள்ளைகள் என்ற உண்மைக்கு ஆயிடை தேவையில்லை. அந்த எண்ணைக் கொண்டு பாடசாலையின் உணவுச் சூழலைப் பற்றியோ அடுத்த ஆண்டைப் பற்றியோ ஒரு முடிவுக்கு வரும்போது தேவை. சிறிய பாடசாலைகள் மூன்று நான்கு ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

8. "வகுப்பு வகுப்பாப் பார்த்தால் எங்கட பாடசாலையில கூட, மொத்தமாப் பார்த்தால் குறைவு. கணக்கில பிழையோ?"

பிழை இல்லை. எண்களை எளிதாக்கி ஒரு கற்பனைக் கணக்குத் தருகிறேன். முதற் பாடசாலையில் தரம் 1இல் 100 பேரில் 5 பேர், தரம் 10இல் 300 பேரில் 45 பேர். இரண்டாவதில் தரம் 1இல் 300 பேரில் 18 பேர், தரம் 10இல் 100 பேரில் 17 பேர். தரம் 1இல் 5க்கு எதிராக 6 வீதம், தரம் 10இல் 15க்கு எதிராக 17 வீதம் என, இரு தரங்களிலும் இரண்டாவது பாடசாலையே கூட. மொத்தமாகப் பார்த்தாலோ முதலாவது 12.5 வீதம், இரண்டாவது 8.75 வீதம். இரண்டாவது பாடசாலையில் சிறுவயதினர் மிகுதி என்பதைத் தவிர வேறு விந்தை இல்லை. இரு தரங்களுக்கும் சம முக்கியத்துவம் கொடுத்துக் கணித்தால் 10க்கு எதிராக 11.5 என்று உண்மையான ஒழுங்கு வெளிப்படும்.

நகரம், கிராமம், தோட்டம் என்ற பிரிவுகளையோ சமூகங்களையோ ஒப்பிடும்போதும் இதுவே நிகழும். வயதுக் கட்டமைப்பைச் சமப்படுத்திய பின்னரே எந்த இரு குழுக்களையும் அருகருகே வைக்கலாம்.

9. "பாடசாலை வைத்தியப் பரிசோதனைத் தரவு எல்லாப் பிள்ளையளையும் சொல்லுதோ?"

சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தினர் வந்து நடத்தும் பரிசோதனை, பெரிய பாடசாலைகளில் குறிப்பிட்ட தரங்களுக்கே செய்யப்படுகிறது. 200க்கு உட்பட்ட மாணவர் உள்ள பாடசாலைகளில் எல்லாரும் பார்க்கப்படுகின்றனர். அன்று வராத பிள்ளையும், இடைவிலகிய பிள்ளையும் தரவில் இல்லை. தன் உடலைப் பற்றி வெட்கப்படும் பிள்ளை அந்த நாளில் வராமலிருக்க வாய்ப்பு அதிகம் என்பதை வகுப்பாசிரியர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பகுதி எண்ணில் யார் விடுபட்டார் என்று கேட்காமல் தொகுதி எண்ணை நம்ப முடியாது.

அளவீட்டையும் பாருங்கள். 19.5 உள்ள அதே சிறுமியைச் சப்பாத்தோடு நிறுத்தி 138 சென்ரிமீற்றர் என்று எழுதிவிட்டால், சுட்டி 18.9 ஆகி அவள் சாதாரண வகைக்கு நகர்ந்துவிடுவாள். பதிவேட்டில் உயரங்கள் பெரும்பாலும் 0இலும் 5இலும் முடிந்தால், அளந்தவர் கண்மதிப்பில் முழுமையாக்கியிருக்கிறார் என்று கொள்ளலாம். எந்தப் பகுப்பாய்வுக்கும் முன்னர் நான் முதலில் எண்ணிப் பார்ப்பது அந்தக் கடைசி இலக்கங்களையே.

10. "லண்டன்ல தங்கச்சியின்ர மகனுக்குப் பாடசாலையால கடிதம் வந்திருக்கு. வெள்ளைக்காரப் பிள்ளையளோட ஒப்பிட்டுப் பார்க்கிறாங்களோ?"

இங்கிலாந்தில் 2005/06 முதல் 4–5 வயதிலும் 10–11 வயதிலும் பாடசாலைப் பிள்ளைகளை அளக்கும் தேசியத் திட்டம் நடைபெறுகிறது. அதில் பயன்படும் 1990ஆம் ஆண்டு அட்டவணை பிரித்தானியப் பிள்ளைகளின் தரவிலிருந்து பெறப்பட்டது என்பது உண்மையே. இன்னொன்றும் உங்கள் தங்கைக்குச் சொல்லுங்கள். தேசிய அறிக்கையில் 95ஆம் சதமணைக்கு மேல் உடற்பருமன் என்று எண்ணுகிறார்கள். வீட்டுக்கு வரும் கடிதத்தில் 98ஆம் சதமணையே அந்த எல்லை. அறிக்கையின் விகிதமும் கடிதம் பெற்றோரின் எண்ணிக்கையும் ஒன்றாக இராது.

இனவாரி அட்டவணைகளில் இலங்கைத் தமிழருக்குத் தனிக் கட்டம் கிடையாது. எம்மவர்கள் பெரும்பாலும் "ஏனைய ஆசியர்" என்ற கட்டத்துக்குள் வேறு பல நாட்டவருடன் சேர்க்கப்படுகின்றனர். அந்தக் கட்டத்தின் சராசரியை இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் சராசரியாக எடுத்துக்கொள்ள முடியாது.

11. "ஆசியப் பிள்ளையளுக்குப் பருமன் குறைவு எண்டு அமெரிக்கத் தரவு சொல்லுது. அப்ப எங்களுக்குப் பயமில்லையோ?"

நான்காம் பதிலில் கூறிய அதே ஆய்வில் ஹிஸ்பானியப் பிள்ளைகளிடம் 26.2, கறுப்பினப் பிள்ளைகளிடம் 24.8, வெள்ளையினப் பிள்ளைகளிடம் 16.6, ஆசியப் பிள்ளைகளிடம் 9.0 வீதம் பதிவாகியது. இதில் ஆசியர் என்பது சீனர், பிலிப்பினோ, இந்தியர், வியட்நாமியர் அனைவரையும் ஒரே சாக்கில் போட்ட வகை.

அதைவிட முக்கியமானது, சுட்டி கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. ஒரே சுட்டியில் தென்னாசியருக்கு உடற்கொழுப்பு, அதிலும் வயிற்றுப் பகுதிக் கொழுப்பு, ஒப்பீட்டளவில் மிகுதி. இதனாலேயே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய வளர்ந்தோருக்கு 23, 27.5 ஆகியவற்றைக் கூடுதல் நடவடிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தது. சிறுவர்களுக்கு அத்தகைய உலகளாவிய எல்லை இல்லை. பிரித்தானிய ஆய்வாளர்கள் சிறுவர்களின் உடற்கொழுப்பை வேறு முறையில் அளந்து, தென்னாசியப் பிள்ளைகளின் சுட்டியுடன் ஏறத்தாழ 1.1 கூட்டினால்தான் அது வெள்ளையினப் பிள்ளைகளின் சுட்டியோடு ஒப்பிடத்தக்கதாகும் என்று கண்டனர். எங்கள் சிறுமியின் 19.5 அப்படிப் பார்த்தால் 20.6, மூன்றாம் பதிலில் அவளைச் சாதாரணமாகக் காட்டிய 19.86 என்ற கோட்டையும் தாண்டிவிடுகிறாள். இந்தத் திருத்தம் பிரித்தானியாவில் வாழும் பிள்ளைகளுக்குரியது. இங்குள்ள அட்டைகளில் யாரும் தாமாக 1.1 கூட்ட வேண்டாம். குறைந்த விகிதத்தைப் பாதுகாப்பு என்று வாசிக்கக்கூடாது என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

12. "இனத்துக்கு இனம் வித்தியாசம் எண்டால், அது இரத்தத்திலயே இருக்கிறதோ?"

இக்கேள்விக்கு அவசரப்பட்ட பதில்கள் பல சமூகங்களுக்குத் தீங்கு செய்திருக்கின்றன. மேற்சொன்ன அமெரிக்க ஆய்வில் குடும்ப வருமானத்தைக் கொண்டு பிரித்தபோது, மிகக் குறைந்த வருமானக் குழுவில் 25.8, நடுக் குழுவில் 21.2, உயர்ந்த குழுவில் 11.5 வீதம் காணப்பட்டது. இனக் குழுக்களிடையே வருமானம், வசிக்கும் இடம், அருகில் விற்கப்படும் உணவு, விளையாட வெளி ஆகியவை சமமாகப் பங்கிடப்படவில்லை. இங்கிலாந்திலும் மிகவும் பின்தங்கிய பகுதிப் பிள்ளைகளின் விகிதம், வசதியான பகுதிகளில் உள்ளதன் இரு மடங்குக்கும் மேல். இவற்றைப் பிரிக்காமல் இனம் என்ற நிரலை மட்டும் வாசித்தால், வறுமையின் விளைவை உடலின் இயல்பென்று எழுதிவிடுவோம். பரம்பரைக்குப் பங்கில்லை என்று சொல்ல வரவில்லை; இந்த அட்டவணைகளால் அந்தப் பங்கைப் பிரித்துக் காட்ட முடியாது என்கிறேன்.

செல்வந்த நாடுகளில் வறுமையோடு சேர்ந்து காணப்படும் பருமன், தென்னாசியாவில் பெரும்பாலும் வசதியோடு சேர்ந்து காணப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே மாறி இரு இடங்களில் எதிர்த்திசையில் இயங்கினால், காரணம் அந்த மாறியில் மட்டும் இல்லை.

13. "வசதியான இடத்துப் பாடசாலையளில பருமன் கூட. அப்ப அங்க பருத்த பிள்ளை எல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைதானே?"

அப்படி முடிவெடுக்க இயலாது. பகுதிகளின் சராசரிகளுக்கிடையே உள்ள தொடர்பு, அப்பகுதியில் வாழும் தனி ஆட்களுக்கிடையே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வசதியான பகுதியின் வீதியோரக் கடைகளில் சோடாவும் ரோல்ஸும் மலிந்திருப்பதால், அங்கு கூலி வேலை செய்பவரின் பிள்ளைகளே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருக்கவும் கூடும். வீட்டு நிலையையும் பிள்ளையின் அளவையும் ஒரே பதிவில் சேர்த்திருந்தால் மட்டுமே அறியலாம்.

14. "பெடியளுக்கோ பெட்டையளுக்கோ கூட?"

உலக மதிப்பீடுகளில் உடற்பருமன் ஆண் பிள்ளைகளிடம் சற்றுக் கூட: 2016இல் 5 தொடக்கம் 19 வயது வரையானோரில் ஆண்கள் 7.8 வீதம், பெண்கள் 5.6 வீதம். பூப்பெய்தும் வயது இருபாலாருக்கும் வேறுபடுவதால், 10 தொடக்கம் 14 வயது வரையான ஒப்பீடுகளை மிகக் கவனமாக வாசிக்க வேண்டும்.

15. "பேப்பரில 'இரட்டிப்பானது' எண்டு போட்டிருந்தாங்கள். அவ்வளவு மோசமோ?"

நூற்றில் இருவர் நால்வராவதும் இரட்டிப்பு. இருபது பேர் நாற்பதாவதும் இரட்டிப்பு. எதிலிருந்து எதற்கு என்று தேடுங்கள். தலை எண்ணிக்கையா விகிதமா என்றும் பாருங்கள்: 1975இல் உலகில் ஒரு கோடியே பத்து இலட்சமாக இருந்த உடற்பருமன் உள்ள 5–19 வயதினர் 2016இல் 12 கோடியே 40 இலட்சமாயினர் என்பதில், மக்கள்தொகைப் பெருக்கமும் அடங்கும். அதைக் கழித்தாலும், அக்காலத்தில் ஆண்களிடம் 0.9, பெண்களிடம் 0.7 வீதமாக இருந்த விகிதம் பதினாலாம் பதிலில் உள்ள அளவுக்கு உயர்ந்திருக்கிறது. அது மெய்யான, பெரும் அதிகரிப்பு.

ஓர் ஆண்டுத் தாவலையும் உடனே போக்கு என்று கொள்ளக்கூடாது. இங்கிலாந்தில் 4–5 வயதினரின் விகிதம் 2019/20இல் 9.9ஆக இருந்து, பெருந்தொற்றுக் காலமான 2020/21இல் 14.4ஆகி, மறு ஆண்டில் 10.1க்கு இறங்கியது. அந்த நடு ஆண்டில் முழு எண்ணிக்கைக்குப் பதிலாக மாதிரியே அளக்கப்பட்டது. பாடசாலைகள் மூடப்பட்டதன் பாதிப்பு உண்மையானதாயினும், நடு ஆண்டை மட்டும் எடுத்து எழுதியவர்கள் ஒரு கதையையும், மூன்றாண்டையும் எடுத்தவர்கள் வேறொரு கதையையும் சொன்னார்கள்.

16. "எங்கட வகுப்புக் கணக்கில ரியூசனுக்குப் போற பிள்ளையள்தான் கூடப் பருமன். ரியூசனை நிப்பாட்டினால் குறையுமோ?"

ஒரே நாளில் எடுக்கப்பட்ட அளவீடு, எது முன் எது பின் என்று சொல்லாது. ரியூசன் மாலை விளையாட்டைத் தின்கிறது என்பது பொருந்தும் விளக்கம். புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளைகள் இருட்டும் வரை வாங்கில் அமர்ந்திருப்பதைக் கண்டு நானும் வருந்துகிறேன். ஆயினும் ரியூசனுக்கு அனுப்ப இயன்ற குடும்பத்துக்கு, கைச்செலவுக்குக் காசு கொடுக்கவும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கவும் இயலும். விளையாட்டில் ஒதுக்கப்பட்ட பருத்த பிள்ளை படிப்பில் தஞ்சம் புகவும் கூடும். இந்த மூன்றையும் வகுப்பறைக் கணக்கால் வேறுபடுத்த முடியாது. ஒரே பிள்ளைகளை ஆண்டுதோறும் தொடர்ந்து அளந்தால் ஓரளவு முடியும். பின்னேர விளையாட்டு வேளையைத் திருப்பிக் கொடுப்பதற்கு அந்தச் சான்று வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் சொந்தக் கருத்து.

17. "முடிவுகளை அறிவித்தல் பலகையில போடலாமோ? பேர் இல்லாமல், எண்ணிக்கை மட்டும்தானே."

பெயரோடு போட்ட பாடசாலை ஒன்றை நான் கண்டிருக்கிறேன். அந்த வகுப்புச் சிறுமி ஒருத்தி மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து எந்த அட்டவணையையும் ஒரு பிள்ளையின் கண்ணால் ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகே கையளிக்கிறேன்.

பெயரை நீக்குவது போதாது. "தரம் 7, பெண்கள், உடற்பருமன்: 1" என்ற கட்டம், அந்த வகுப்பில் யாவருக்கும் ஒரு பெயரைச் சொல்லிவிடும். ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கை உள்ள கட்டங்களை மறைப்பது பரவலான வழக்கம். ஆனால் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்து, வரிசையின் கூட்டுத்தொகையையும் ஏனைய கட்டங்களையும் காட்டினால், கழித்துப் பார்த்து மறைந்த எண்ணைப் பெற்றுவிடலாம். ஆகவே அதே வரிசையில் இன்னொரு கட்டத்தையும், அதே நிரலில் வேறொன்றையும், அவ்விரண்டின் நிரலும் வரிசையும் சந்திக்கும் எதிர்மூலைக் கட்டத்தையும் மறைக்க வேண்டும். ஏழாம் பதிலில் வந்தது போன்ற சிறிய பாடசாலையாயின் அட்டவணையே வேண்டாம். எல்லாத் தரங்களையும் இரு பாலாரையும் சேர்த்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒரே ஒரு விகிதத்தைப் பெற்றோர் கூட்டத்தில் வாயால் சொல்லி, தனிப் பிள்ளையின் அட்டையை அதன் பெற்றோரின் கையில் மட்டும் கொடுங்கள்.